டூபாக்கோட தக் லைஃப் குரூப்: வால்யூம் 1 வந்துச்சு, வால்யூம் 2 ஏன் வரல?

நீங்க கேட்டது ரெண்டே வரி. அமெரிக்க ராப் பாடகர் டூபாக் தக் லைஃப்னு ஒரு குரூப் வச்சிருந்தாராமே, ஆல்பம் பேர்லயே வால்யூம் 1-னு போட்டிருக்கு, அப்புறம் ரெண்டாவது ஏன் வரல, உள்ளுக்குள்ள சண்டை வந்து பிரிஞ்சாங்களான்னு. நேரா பதில் சொல்லணும்னா சண்டைல பிரியல. ஆல்பம் வந்த கொஞ்ச நாள்ல டூபாக்கை சுட்டாங்க, மறுநாளே கோர்ட்ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, அடுத்து ஜெயில், ஜெயில்ல இருந்துக்கிட்டே அவரே தக் லைஃப் முடிஞ்சுபோச்சுன்னு பேட்டி குடுத்துட்டாரு. ஆனா உங்க கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்குறதா எனக்குத் தோணுது. ஏற்கனவே பெரிய ஆளா இருக்குற ஒருத்தர் கூட நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு குரூப்னு சொன்னா அது நெஜமாவே குரூப்தானா, இல்ல அவரோட சொந்த ஆல்பத்துக்கு வேற பேரான்னு. அதுக்கும் சேர்த்தே சொல்றேன், கொஞ்சம் நீளும்.

நான் பல வருஷமா ரெக்கார்டிங், மிக்ஸிங் வேலை பாக்குறேன், அதுல ராப் பசங்க குரூப்பா வந்து பண்ற வேலை கணிசமா உண்டு. அதனால பாட்டுல யார் குரல் எங்க உக்காந்திருக்கு, யாருக்கு எவ்வளவு எடம் குடுத்திருக்காங்கன்னு கேட்டு நான் சொல்றது என் தொழில் காது சொல்றது. வருஷம், தீர்ப்பு, ஆல்பம் விவரமெல்லாம் பொதுவுல பதிவானது. நடுவுல ஊகம், ஒரு தரப்பு மட்டும் சொன்ன கதைன்னு சிலது வரும், அதை அது வர்ற எடத்துலயே சொல்லிடுறேன், ஏன்னா டூபாக் விஷயத்துல ரசிகர்கள் சொல்லிச் சொல்லியே உண்மையா ஆகிப்போன கதைங்க நிறைய.

முதல்ல 1993-ல டூபாக் எந்த நிலைமைல இருந்தாருன்னு பாக்கணும். 1991-ல முதல் ஆல்பம், 1992-ல சினிமால ஹீரோவுக்கு சமமான வேஷம், 1993 பிப்ரவரில ரெண்டாவது ஆல்பம், அதுல ரெண்டு பாட்டு ரேடியோல பெரிய ஹிட்டு, ஆல்பம் பிளாட்டினம், அதாவது 10 லட்சம். வயசு அப்போ 21, 22-தான். அதாவது குரூப் வச்சுத்தான் மேல வரணும்ங்குற அவசியம் அவருக்கு சுத்தமா இல்ல. அவரே டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்ங்குற குரூப்ல சாமான் தூக்கி, மேடைல டான்ஸ் ஆடி, அப்புறம் ஒரு பாட்டுல ஒரு வெர்ஸ், அதாவது தனியா ராப் பண்ண ஒரு பகுதி, கெடச்சு மேல வந்தவரு. ஒரு குரூப் ஒருத்தனுக்கு என்ன பண்ணும்னு அவருக்கு அனுபவத்துலயே தெரியும். தனக்குக் கெடச்ச அந்தக் கதவை இன்னும் நாலு பேருக்குத் திறந்துவிடணும்னு நெனச்சாருன்னு நான் நம்புறேன். இது என் கருத்துதான், ஆனா அதுக்கப்புறம் அவர் நடந்துக்கிட்ட விதம் எல்லாமே அந்தப் பக்கம்தான் கை காட்டுது.

ரெண்டாவது விஷயம் 1992. அந்த வருஷம் ஏப்ரல் 29-ம் தேதி, ராட்னி கிங்குங்குற கறுப்பினத்தவரை அடிச்ச போலீஸ்காரங்களை கோர்ட்ல விட்டுட்டாங்கன்னு லாஸ் ஏஞ்சலஸ் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அதே சமயத்துலதான் வாட்ஸ் பக்கம் கிரிப்ஸ், பிளட்ஸ்ங்குற ரெண்டு பெரிய கேங்குக்கும் நடுவுல ஒரு சமாதானம் வந்துச்சு, வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டு இருந்தவங்க ஒரே எடத்துல உக்காந்து சாப்பிட்டாங்க. இந்தச் சூழ்நிலைலதான் தக் லைஃப் சட்டம்னு சொல்லப்படுற 26 விதிகள் வருது. டூபாக்கும் அவரோட வளர்ப்பு அப்பா முட்டுலு ஷக்கூரும் சேர்ந்து எழுதினதுன்னு சொல்வாங்க. முட்டுலு அப்போ ஜெயில்ல, 1981-ல நடந்த ஒரு பணவண்டிக் கொள்ளை கேஸ்ல, அதுல ஒரு காவலாளியும் ரெண்டு போலீஸ்காரங்களும் செத்தாங்க, அவருக்கு 60 வருஷ தண்டனை. 2022 கடைசில, ரொம்ப முடியாத நிலைமைலதான் அவரை வெளிய விட்டாங்க, அடுத்த வருஷமே இறந்துட்டாரு.

அந்த விதிகளைப் படிச்சுப் பாத்தீங்கன்னா மீம்ல கூலிங் கிளாஸ் போட்டு வர்ற தக் லைஃபுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு புரியும். குழந்தைங்களுக்கு போதைப்பொருள் விக்கக் கூடாது, கர்ப்பமா இருக்குற பொண்ணுங்களுக்கு விக்கக் கூடாது, ஸ்கூல் பக்கமே போகக் கூடாது, சின்னப் பசங்களை வச்சு விக்கக் கூடாது, வயசானவங்க மேல கை வைக்கக் கூடாது, பலாத்காரம் நிக்கணும், சம்பந்தமில்லாத பொதுஜனத்தைத் தொடக் கூடாது, குடும்பம் குடியிருக்குற வீட்டைத் தாக்கக் கூடாது. போதை விக்காதன்னு அது சொல்லல பாருங்க. அந்த வேலைல இருக்குறவன் நாளைக்கே அதை விட்டுடுவான்னு எழுதினவங்க நம்பல, அவன் பண்றதுக்கு ஒரு எல்லை போடலாம்னு பாத்தாங்க. இதை ஒத்துக்கலாம், கோவப்படலாம், அது உங்க இஷ்டம், ஆனா சும்மா பந்தாவுக்கு எழுதினதுன்னு மட்டும் என்னால ஒத்துக்கவே முடியாது. டூபாக் வயித்துல பச்சை குத்தியிருந்த தக் லைஃப்ங்குற ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரிவு சொல்வாரு, பிஞ்சுக் குழந்தைங்க மேல நீங்க காட்டுற வெறுப்பு ஒருநாள் எல்லாரையும் சேர்த்து அழிக்கும்ங்குற அர்த்தத்துல. அவர் அப்படி பேசினதுக்குப் பதிவு இருக்கு. பச்சை குத்தும்போதே அந்த விரிவு மனசுல இருந்துச்சா, பின்னாடி யோசிச்சு சேர்த்தாரான்னு மட்டும் ரெண்டு விதமா சொல்றாங்க, அதுல ஒரு பக்கம் நின்னு சத்தியம் பண்ண முடியாது.

இப்ப ஆளுங்களுக்கு வர்றேன். டூபாக்கோட சேர்த்து அஞ்சு பேர். பிக் சைக், மோப்ரீம், மெக்கடோஷிஸ், தி ரேட்டட் ஆர். மோப்ரீம் முட்டுலு ஷக்கூரோட பையன், அதாவது டூபாக்குக்கு அண்ணன் முறை. அவர் டூபாக் நிழல்ல வந்தவர்னு நெனச்சுடாதீங்க, 1990-லயே டோனி டோனி டோனிங்குற ஆர் அண்ட் பி குரூப்போட ஒரு பெரிய ஹிட் பாட்டுல ராப் பண்ணவரு, டூபாக்கோட முதல் ஆல்பத்துக்கு முன்னாடியே. பிக் சைக் இங்கிள்வுட்காரர், லாஸ் ஏஞ்சலஸ் ஏரியா, வேற ஒரு குரூப்ல ஏற்கனவே ஒரு ஆல்பம் பண்ணிட்டு வந்தவரு. மத்த ரெண்டு பேரும் அதே வட்டாரம். டூபாக்கோ பொறந்தது நியூயார்க், படிச்சது பால்டிமோர்ல கலைக்கான ஸ்கூல், அப்புறம் கலிஃபோர்னியால மெரின் சிட்டி. அந்தத் தெருவை அவர் பாட்டுல சொல்றாரு, ஆனா பிக் சைக் மாதிரி அந்தத் தெருவுலயே முளைச்ச ஆள் இல்ல. குரூப்ல அவருக்கு இவங்க ஏன் தேவைப்பட்டாங்கங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன். இவங்களுக்கு அவரோட பேரும் கம்பெனியும் வேணும், அவருக்கு இவங்க கூட நிக்குறதால கெடைக்குற ஒரு பலம் வேணும். ரெண்டு பக்கமும் நெஜமான பாசம் இருந்துச்சு, கூடவே ரெண்டு பக்கமும் ஒரு தேவையும் இருந்துச்சு, ஒண்ணு இருக்குறதால இன்னொண்ணு பொய்யாகிடாது.

ஆல்பம் 1994-ல வந்துச்சு, டூபாக்கோட சொந்த லேபிளான அவுட் டா கட்டா பேரும் இன்டர்ஸ்கோப்ங்குற இசைக் கம்பெனி பேரும் போட்டு. 10 பாட்டு. இப்ப என் தொழில் காதுல கேக்குறதைச் சொல்றேன். அந்த 10-ல ரெண்டு பாட்டு முழுக்க டூபாக் மட்டும்தான், ஒண்ணு கடைசிப் பாட்டு, இன்னொண்ணு ஒரு பாஸ்கெட்பால் படத்துக்காக 1994 ஆரம்பத்துலயே வெளிவந்த பாட்டு, செத்துப்போன கூட்டாளிக்காக மதுவைத் தரைல ஊத்துறதைப் பத்தினது. குரூப் பேர்ல வெளிய தெரிஞ்ச முதல் பாட்டே தனி ஆள் பாட்டு. இன்னொரு பாட்டு டூபாக்கும் ஸ்ட்ரெட்ச்சும், ஸ்ட்ரெட்ச் நியூயார்க்ல இருந்த அவரோட நண்பர், இந்தக் குரூப்ல ஆளே இல்ல. அஞ்சு பேர் குரூப்புக்கு 10 பாட்டு ஆல்பத்துல இது பெரிய பங்கு.

அதுக்கு மேல குரல் பிரச்னை ஒண்ணு இருக்கு. டூபாக் தன் குரலை அடுக்கி அடுக்கி ரெக்கார்ட் பண்ற ஆள், ஒரே வெர்ஸை திரும்பவும் பாடி மேல மேல வச்சு, முக்கியமான வார்த்தை வர்ற எடத்துல இன்னும் ஒண்ணு சேர்த்து. அப்படி அடுக்கின குரல் ஸ்பீக்கர்ல அகலமா, முன்னாடி வந்து நிக்கும். பக்கத்துல இன்னொருத்தர் சாதாரணமா ஒரு டேக் எடுத்து பாடினா, அவர் எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் ஒரு அடி பின்னாடி நிக்குற மாதிரிதான் கேக்கும், ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்குற பிடியை, ஏத்தி இதை சரி பண்ண முடியாது, ஏன்னா இது சத்தத்தோட அளவு இல்ல, அடர்த்தி. எங்கிட்ட வர்ற குரூப்கள்லயும் இதே கதைதான் நடக்கும், ஒருத்தனுக்கு அந்தக் குரல் வாகு இருந்துட்டா மத்தவங்க எல்லாம் விருந்தாளி மாதிரி ஆகிடுவாங்க. இந்த ஆல்பத்துல அதைத் தாண்டி நிக்குறது பிக் சைக் ஒருத்தர்தான்னு சொல்வேன். அவர் குரல் கனமானது, அவசரமே படமாட்டாரு, டூபாக் தவிச்சுக்கிட்டே பாடுற எடத்துக்கு அடுத்து அவர் வந்தா பாட்டுக்கு மூச்சு வாங்க எடம் கெடைக்கும்.

அந்த ஆல்பத்துல ஒரு பாட்டைப் பத்தி மட்டும் தனியா சொல்லியாகணும், ஏன்னா அது குரூப்பா இல்லாம வந்திருக்கவே முடியாத பாட்டு. ‘ஹவ் லாங் வில் தே மோர்ன் மீ’. கேட்டோன்னு ஒருத்தர், பிக் சைக்கோட கூட்டாளி, கொல்லப்பட்டாரு, அவருக்காக பண்ணது. வாரன் ஜி தயாரிப்பு, நேட் டாக் ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வர்ற பகுதி, பாடியிருக்காரு, அந்த ஹூக்கைக் கேட்டா சர்ச்சுல பாடிப் பழகின குரல்னு உடனே தெரியும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து அவங்கவங்க பாணில அழுறாங்க, ஒருத்தருக்குக் கோவம், ஒருத்தருக்கு செத்தவனோட அம்மாவை நெனச்சு வேதனை, ஒருத்தருக்கு அடுத்தது நான்தானோங்குற பயம். தனி ஆள் பாடினா அது ஒருத்தனோட துக்கம், இங்க அது ஒரு தெருவோட துக்கமா கேக்குது. நம்ம ஊர் எழவு வீட்டுல பொம்பளைங்க வட்டமா உக்காந்து ஒருத்தர் விட்ட எடத்துல இன்னொருத்தர் ஒப்பாரியை எடுப்பாங்களே, அந்த அமைப்பு. ஆல்பத்துல பாதிக்கு மேல சாவைப் பத்தினதுதான், என்னைப் புதைக்கும்போது எப்படிப் புதைக்கணும், தொட்டில்ல இருந்து சமாதி வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு. 20 வயசுப் பசங்க இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஏன்னா அவங்க வயசுக்காரங்க அப்படித்தான் செத்துக்கிட்டு இருந்தாங்க. இந்த ஆல்பத்தை வன்முறையைக் கொண்டாடுறதுன்னு சொல்றவங்க முதல்ல இந்தப் பாட்டை முழுசா கேக்கணும்.

சரி, அப்ப ஏன் 10 பாட்டோட சுருங்குச்சு? இங்கதான் அரசியல் வருது. 1992-ல டெக்சாஸ்ல ஒரு போலீஸ்காரரைச் சுட்ட பையன் டூபாக்கோட முதல் ஆல்பத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தான்னு அவன் வக்கீல்களே கோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க, அமெரிக்க துணை ஜனாதிபதி டேன் குவேல் இந்த ஆல்பத்துக்கு நம்ம சமூகத்துல எடமே இல்லன்னு பேசினாரு. 1994 பிப்ரவரில அமெரிக்க காங்கிரஸ்லயே கேங்ஸ்டா ராப், அதாவது கேங் வாழ்க்கையைப் பாடுற ராப், பத்தி விசாரணைக் கூட்டம் வச்சாங்க. சி. டெலோரஸ் டக்கர்ங்குற கறுப்பினத் தலைவர் இந்தப் பாட்டுகளுக்கு எதிரா ஊர் ஊரா பிரசாரம் பண்ணாங்க, அவங்க சிவில் உரிமைப் போராட்டத்துல இருந்து வந்தவங்க, அவங்க கவலையும் உண்மையானதுதான், பொண்ணுங்களை அந்தப் பாட்டுல பேசுற விதத்தை அவங்களால சகிச்சுக்க முடியல. இன்டர்ஸ்கோப்ல டைம் வார்னர் கம்பெனிக்குப் பங்கு இருந்துச்சு, அழுத்தம் அந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, கடைசில 1995-ல டைம் வார்னர் அந்தப் பங்கையே கை கழுவிடுச்சு. இப்படி ஒரு நேரத்துல தக் லைஃப்னு அட்டைல பேர் போட்ட ஆல்பம் எப்படி அப்படியே வெளிவரும்? முதல்ல பண்ணி வச்சதை ஓரங்கட்டிட்டு, நிறைய பாட்டை எடுத்துட்டு, திரும்ப ரெக்கார்ட் பண்ணித்தான் வெளிய விட்டாங்க. இதுவரைக்கும் உறுதி. மொத்தம் மூணு வடிவம் இருந்துச்சு, எடுத்த பாட்டு இத்தனைன்னு ரசிகர்கள் பட்டியல் போடுவாங்க, அதெல்லாம் கசிஞ்ச டேப்பை வச்சு கூட்டிக் கழிச்சது, கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க.

குரூப்பை மேடைல ஊரே பாத்தது 1994 ஏப்ரல்ல நியூயார்க்ல நடந்த சோர்ஸ்ங்குற ராப் பத்திரிகையோட விருது விழால. எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குரூப் விருது வாங்கி மேடைல நிக்கும்போதே தக் லைஃப் பாட்டோட பீட் ஆரம்பிச்சு, இவங்க மேடைக்கு வந்துட்டாங்க. அவமானப்படுத்திட்டாங்கன்னு ஒரு கோவம் ரொம்ப நாள் ஓடுச்சு. வேணும்னே பண்ணாங்கன்னு ஒரு தரப்பு, சவுண்ட் ஆள் நேரம் தப்பி போட்டுட்டாருன்னு ஒரு தரப்பு. மேடை நிகழ்ச்சில கியூ, அதாவது பாட்டு போட வேண்டிய நேரக் குறிப்பு, மாறுறது எவ்வளவு சாதாரணம்னு எனக்குத் தெரியும், அதனால ரெண்டாவதுதான் நடந்திருக்கும்னு நெனைக்கிறேன், ஆனா அது நெனைப்புதான். அன்னைக்கு அவங்க பண்ண பாட்டு ‘அவுட் ஆன் பெயில்’, ஜாமீன்ல வெளிய இருக்கேன்னு. அது உண்மை நிலவரம். 1993 அக்டோபர் கடைசில அட்லாண்டால டியூட்டில இல்லாத ரெண்டு போலீஸ்காரங்களைச் சுட்ட கேஸ், அது பின்னாடி தள்ளுபடி ஆச்சு. அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க் ஹோட்டல்ல ஒரு பொண்ணு குடுத்த பாலியல் புகார், அது தள்ளுபடி ஆகல.

இந்த எடத்தை ரசிகர்கள் வேகமா தாண்டிப் போயிடுவாங்க, நான் போகமாட்டேன். பலாத்காரம் நிக்கணும், நம்ம பொண்ணுங்களை மதிக்கணும்னு விதி எழுதின மனுஷன், 1994 டிசம்பர் 1-ம் தேதி பாலியல் அத்துமீறல் குற்றத்துக்கு தண்டிக்கப்பட்டாரு. கனமான மத்த குற்றச்சாட்டுகள்ல இருந்து ஜூரி விடுவிச்சாங்க, அவர் கடைசி வரைக்கும் நான் பண்ணலன்னே சொன்னாரு, ஆனா கூட இருந்தும் அந்தப் பொண்ணைக் காப்பாத்தாம விட்டது தப்புங்குற மாதிரி ஜெயில்ல இருந்து குடுத்த பேட்டில அவரே பேசியிருக்காரு. அந்தப் பொண்ணு சொன்னது வேற, அதுக்கும் பொதுவுல பதிவு இருக்கு. டூபாக் பாட்டு எனக்கு எவ்வளவு பிடிச்சாலும் இந்தத் தீர்ப்பை ஒரு ஓரமா தள்ளி வச்சுட்டு தக் லைஃப் விதிகளைப் பத்திப் பேசுறது நேர்மை இல்ல.

தீர்ப்புக்கு முந்தின நாள் நவம்பர் 30, மன்ஹாட்டன்ல குவாட் ஸ்டுடியோ கீழ்த்தள லாபில அவரைச் சுட்டு நகையைப் பறிச்சாங்க. ஆப்பரேஷன் முடிஞ்ச கையோட டாக்டர் பேச்சைக் கேக்காம ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்து, மறுநாள் வீல்சேர்ல கோர்ட்டுக்கு வந்தாரு. யார் சுட்டது, யார் அனுப்பினதுன்னு அவருக்கு ஒரு சந்தேகப் பட்டியலே இருந்துச்சு, 2011-ல ஜெயில்ல இருந்த ஒருத்தர் காசு வாங்கிட்டு நான்தான் பண்ணேன்னு சொன்னாரு, அவர் கை காட்டின ஆள் மறுத்தாரு, அந்தச் சுடுதலுக்காக யாரையும் தண்டிக்கல. இணையத்துல இதுக்கு மேல உறுதியா பேசுறவங்களை நம்பாதீங்க. அன்னைக்குக் கூட இருந்த ஸ்ட்ரெட்ச் மேலயும் டூபாக் சந்தேகப்பட்டு அந்த நட்பு முறிஞ்சுச்சு, சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே நவம்பர் 30-ல ஸ்ட்ரெட்ச்சும் சுட்டுக் கொல்லப்பட்டாரு.

1995 பிப்ரவரில ஒன்றரைல இருந்து நாலரை வருஷம் தண்டனை. தண்டனை வர்றதுக்கு முன்னாடியே, நியூயார்க் ரைக்கர்ஸ் ஐலண்ட் ஜெயில்ல உக்காந்து வைப் பத்திரிகைல கெவின் பவலுக்குக் குடுத்த பேட்டிலதான் உங்க கேள்விக்கான நேர் பதில் இருக்கு. தக் லைஃப் எனக்கு செத்துப்போச்சு, அது உண்மைன்னா வேற யாராவது தூக்கிட்டுப் போகட்டும், நான் அளவுக்கு மீறி சுமந்துட்டேன், களைச்சுட்டேன்னு சொல்ற மாதிரி பேசினாரு. குரூப்ல மத்த நாலு பேரையும் கேட்டு எடுத்த முடிவு மாதிரி அது தெரியல. அவர் தொடங்கினாரு, அவரே முடிச்சாரு. ஒத்தத் தூண் பந்தலை வேற எப்படிப் பிரிக்க முடியும் சொல்லுங்க. கம்பெனி அவர் பேர்ல, ஒப்பந்தம் அவர் பேர்ல, ஜனங்க வாங்குறது அவர் குரலுக்காக. அவர் உள்ள போனதும் வெளிய இருந்த நாலு பேர் சேர்ந்து வால்யூம் 2 பண்ணியிருந்தாலும் அதை அதே வேகத்துல வெளியிட அந்த நேரத்துல எந்தக் கம்பெனியும் வந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்.

இதுல கவனிக்க வேண்டியது, அடுத்த குரூப் அப்பவே முளைச்சுடுச்சு. அவர் ஜெயில்ல இருக்கும்போது 1995 மார்ச்ல வந்து முதலிடம் பிடிச்ச அவரோட தனி ஆல்பத்துல, டிராமாசைடல்ங்குற சின்னப் பசங்க குழு ரெண்டு பாட்டுல இருக்கு. அக்டோபர்ல 14 லட்சம் டாலர் ஜாமீன்ல வெளிய வந்து டெத் ரோ கம்பெனிக்குப் போனதும் அந்தப் பசங்கதான் அவுட்லாஸ் ஆனாங்க. அமெரிக்கா எதிரின்னு நெனைச்ச தலைவர்களோட பேரை ஒவ்வொருத்தருக்கும் வச்சாரு, கடாஃபி, ஹுசைன், காஸ்ட்ரோன்னு. பழைய குரூப்ல இருந்து மோப்ரீமும் பிக் சைக்கும் அதுல வந்து சேர்ந்தாங்க. 1996-ல வந்த ரெட்டை ஆல்பத்தோட தலைப்புப் பாட்டுல கூட இருக்குறது பிக் சைக்தான். மெக்கடோஷிஸ், ரேட்டட் ஆர் ரெண்டு பேரும்தான் பழைய பேரோட நின்னுட்டாங்க. டூபாக் அதே வருஷம் செப்டம்பர்ல லாஸ் வேகஸ்ல சுடப்பட்டு 13-ம் தேதி இறந்தாரு. பிக் சைக் 2016 டிசம்பர்ல, 48 வயசுல, யாரும் சுடாம வீட்டுலயே இறந்தாரு. அந்தக் கூட்டத்துல அது எல்லாருக்கும் கெடைக்கல.

அப்ப இது நெஜமான குரூப்தானா? என் பதில், நோக்கத்துல குரூப், வேலைல டூபாக்கோட தயாரிப்பு. இதோட இன்னொண்ணை வச்சுப் பாருங்க. 1997-ல நாஸ், ஏஇசட், ஃபாக்ஸி பிரவுன், நேச்சர்னு சேர்ந்து தி ஃபர்ம்னு ஒரு குரூப், டாக்டர் டிரே எல்லாம் தயாரிப்பு, ஆல்பம் பில்போர்ட்ங்குற அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல நேரா முதலிடம், அதோட சரி, அடுத்தது இல்ல. தக் லைஃப் ஆல்பம் அதே பட்டியல்ல 42-ம் இடம்தான் தொட்டுச்சு, மெதுவா வித்து பின்னாடி கோல்டு ஆச்சு, அதாவது 5 லட்சம். ஆனா இன்னைக்கு ரெண்டையும் கேட்டா தி ஃபர்ம்ல எல்லாரும் நல்லா பாடுறாங்க, எதுக்கு சேர்ந்தாங்கன்னு மட்டும் காதுக்குத் தெரிய மாட்டேங்குது. தக் லைஃப்ல அது தெரியுது. ராப் பாடகர் எமினமோட டி12ங்குற குரூப்புக்கு ரெண்டு ஆல்பம் முதலிடம் வந்துச்சுன்னா அதுக்குக் காரணம் அந்தக் குரூப் எமினம் பெரிய ஆளாகுறதுக்கு முன்னாடியே டிட்ராய்ட்ல இருந்துச்சு, யாருக்கு முதல்ல வாய்ப்பு வருதோ அவன் திரும்பி வந்து மத்தவனைத் தூக்கிவிடணும்னு பேசி வச்சிருந்தாங்க. சேர்ந்து பட்டினி கெடந்தவங்க குரூப்ல ஸ்டாரை நேருக்கு நேர் திட்டுற உரிமை மத்தவனுக்கு இருக்கும். ஸ்டார் ஆனப்புறம் சேர்க்குற குரூப்ல அந்த உரிமை வர்றதுக்கு நேரம் வேணும், தக் லைஃபுக்கு அந்த நேரம் கெடைக்கல.

கடைசியா வால்யூம் 2. அப்படி ஒண்ணு முழுசா பண்ணி பெட்டில பூட்டி வச்சிருக்காங்கங்குறதுக்கு ஆதாரம் இல்ல. நீங்க கேக்கக்கூடியது சிதறிக் கெடக்குறதைத்தான். நியூயார்க் ராப் பாடகர் நோட்டோரியஸ் பிஐஜியும் டூபாக்கும் நண்பர்களா இருந்தப்ப சேர்ந்து பண்ண ‘ரன்னிங் ஃப்ரம் தா போலீஸ்’ இந்த ஆல்பத்துக்காக பண்ணி விட்டுப்போனது, 1995-ல ஒரு தொகுப்புல வெளிவந்துச்சு. ‘அவுட் ஆன் பெயில்’ 2004-ல எமினம் தயாரிச்ச ஆல்பத்துல வந்துச்சு, ஆனா இசை மொத்தமா மாத்தினது, டூபாக் மேடைல பண்ண பழைய வடிவத்தோட உணர்வு அதுல இல்ல. டூபாக்கோட அம்மா அஃபேனி ஷக்கூர் 1997-ல கொண்டு வந்த ‘ஆர் யூ ஸ்டில் டவுன்’ ரெட்டை ஆல்பத்துல 1992-ல இருந்து 1994 வரைக்கும் பண்ணி வெளிவராத பாட்டு நிறைய இருக்கு, அந்தக் காலத்து சத்தம் எப்படின்னு அதுல புரியும், பிக் சைக்கும் அதுல ஒரு பாட்டுல வர்றாரு. முதல்ல வால்யூம் 1-ஐ ஹெட்ஃபோன்ல கேளுங்க, ‘ஹவ் லாங்’ பாட்டுல நேட் டாக் குரல் நடுவுல இல்லாம எப்படி ரெண்டு பக்கமும் விரிஞ்சு வெர்ஸை சுத்தி நிக்குதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் இந்த மூணையும் இதே வரிசைல கேளுங்க.